அழைத்தலும் நிறைவும்: லிசியே தெரேசாவின் கையெழுத்துப் படிகளும் தமிழாக்கமும்

கத்தோலிக்கப் பெண்துறவியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. பேச்சு வழக்கில் 'கன்னியாஸ்திரீ' என்பது நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் 'சிஸ்டர்' என்றும், தலைமைப் பொறுப்பில் இருப்பவரை 'மதர்' என்றும் விளிக்கின்றனர். அச்சுத் தமிழில் 'அருட்சகோதரி' பெருவழக்கு. பொதுவான எழுத்து நடையில் 'பெண்துறவி' என்பதும் உண்டு. இவற்றுள் முதலாவது மணமின்மையைச் சுட்டுகிறது. 'சிஸ்டர்', 'மதர்', 'அருட்சகோதரி' ஆகியவை உறவுமுறைப் பெயர்களைக் கடனாகப் பெறுகின்றன. 'பெண்துறவி' என்பது விட்டுவந்ததைச் சொல்கிறது. ஒரு பெண் எதற்காக அங்கே சென்றாள் என்பதை இவற்றுள் எதுவும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு 'தேவ அழைத்தல்', 'இறையழைத்தல்' என்னும் தொகைகளுக்கு விடப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கச் சூழலுக்கு வெளியே இத்தொகைகளைக் கேட்டவர் மிகச் சிலர்.

'துற', 'அழை' ஆகிய இரண்டும் செயப்படுபொருள் குன்றா வினைகளே. ஆயினும் 'அவள் உலகைத் துறந்தாள்' என்னும் தொடரில் பெண் எழுவாய், உலகு செயப்படுபொருள். 'இறைவன் அவளை அழைத்தான்' என்னும் தொடரிலோ அதே பெண் செயப்படுபொருள் ஆகிவிடுகிறாள். முதல் தொடர் நிகழ்ச்சியை முடித்துவைக்கிறது. இரண்டாம் தொடர் முடிவதில்லை. அழைக்கப்பட்டவரின் மறுமொழிக்காக அது காத்து நிற்கிறது. தமிழ் மரபு நெடுகிலும் வேரூன்றியிருப்பது முதல் வினையே. திருக்குறளின் துறவறவியல், மணிமேகலை, சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள், கழுகுமலைக் கல்வெட்டுகளில் இடம்பெறும் சமணக் குரத்தியர் என்று பெண்ணின் துறவைப் பேசத் தமிழுக்குச் சொல்லும் முன்மாதிரியும் தாராளமாக உண்டு. எனவே ஐரோப்பியக் கன்னியர் மடத்தைப் பற்றிய நூலொன்றைத் தமிழாக்க முனைபவரின் கை இயல்பாகவே 'துறவு' என்னும் சொல்லை நாடுகிறது. அவ்வாறு நாடும்போது மூலத்தில் மறுமொழியாக உள்ள வாழ்வு தமிழில் இழப்பாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்தின் அளவை ஒரே நூலைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நூல், லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தைச் சேர்ந்த குழந்தை இயேசுவின் தெரேசா எழுதி, 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்னும் பொருள்படும் தலைப்பில் 1898இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த தன்வரலாறு ஆகும்.

மூன்று மடல்கள், ஒரு நூல்

தெரேஸ் மார்த்தேன் 1873 ஜனவரி 2ஆம் நாள் நார்மண்டியிலுள்ள அலான்சோனில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். மடத்தில் சேரும் வயது வராததால் மறுக்கப்பட்ட அவர், 1887 நவம்பரில் உரோமைக்குச் சென்று பதின்மூன்றாம் லியோவிடம் (பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் சிங்கராயர்) நேரில் அனுமதி கேட்டார். 1888 ஏப்ரல் 9ஆம் நாள், 15 வயதில், கார்மேல் மடத்துக்குள் நுழைந்தார். 1890 செப்டம்பர் 8ஆம் நாள் வார்த்தைப்பாடு அளித்தார். 1897 செப்டம்பர் 30ஆம் நாள் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 24. அடைப்பு மடத்தை விட்டு வெளியே செல்லாத இவர், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாருக்கு இணையாக 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் 'சிறுமலர்' என்னும் பெயர் தாங்கிய பள்ளிகள் இவரையே நினைவூட்டுகின்றன.

ஒரே நூலாக அறியப்பட்டது உண்மையில் மூன்று தனித்தனி எழுத்துகள். முதற்படி 1895இல், அப்போது மடத்தலைவியாக இருந்த தம் உடன்பிறந்த அக்காள் போலினுக்காக (மடத்துப் பெயர் அன்னை ஆக்னெஸ்) எழுதப்பட்டது. இரண்டாம் படி 1896 செப்டம்பரில் மூத்த அக்காள் மரிக்கு (மடத்துப் பெயர் திரு இருதய மரி) எழுதப்பட்ட மடல். சில தாள்களே கொண்டது. மூன்றாம் படி 1897 ஜூனில், மீண்டும் மடத்தலைவியாகியிருந்த அன்னை மரி தெ கோன்சாக்கை நோக்கி எழுதப்பட்டது. தெரேசாவின் இறப்புக்குப்பின் ஆக்னெஸ் இம்மூன்றையும் ஒன்றாக்கி, அத்தியாயங்களாகப் பகுத்து, ஆயிரக்கணக்கான திருத்தங்களுடன் 2000 படிகள் அச்சிடச் செய்தார். மரி தெ கோன்சாக்கின் விருப்பப்படி நூல் முழுவதும் அவர் ஒருவரையே விளித்து எழுதப்பட்டதுபோல் மாற்றப்பட்டது. கையெழுத்துப் படிகள் உள்ளவாறே வெளியாக 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மொழியியலார்க்கு இதில் கவனிக்கத்தக்க செய்தி திருத்தங்களின் எண்ணிக்கை அன்று, கேட்போர் மாறியதே. தன்வரலாறு என்னும் வடிவத்தில் 'யார்' எழுதினார் என்பதையே திறனாய்வு பெரும்பாலும் வினவுகிறது. 'யாருக்கு' என்பது மாறினால் ஒவ்வொரு சொல்லின் நிறையும் மாறும். தாயை இழந்த சிறுமி தன் இரண்டாம் தாயாக வரித்துக்கொண்ட அக்காளை, பின்னர் மடத்தலைவி என்னும் முறையிலும் 'தாய்' என்று விளிக்க நேர்ந்தது. போலின் தமக்கு இருமுறை தாயாவார் என்று தெரேசாவே குறிப்பிடுகிறார். வேறொரு மடத்தலைவியை விளிக்கும் நூலாக இது மாறியபோது, அந்த 'இருமுறை' என்பதில் ஒரு முறை காணாமற்போகிறது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. எந்தப் பெண்ணையும் மதித்து 'அம்மா' என்று அழைக்கும் மொழியில், 'அம்மா' என்னும் விளி இழந்த தாயின் இடத்தை எளிதில் உணர்த்தாது. 'அன்னையே' என்றால் மடம் தெரிகிறது, வீடு தெரிவதில்லை. இரண்டாம் படியில் நிலைமை தலைகீழ். பிரெஞ்சு மொழியில் உடன்பிறந்தாளுக்கும் மடத்துச் சகோதரிக்கும் ஒரே சொல்தான். அதில் மூத்தவள் இளையவள் என்னும் வேறுபாடும் இல்லை. தமிழிலோ அக்காள், தங்கை என்று வயதைச் சொல்லாமல் உறவைச் சொல்ல இயலாது. 'அன்புச் சகோதரி' என மொழிபெயர்த்தால் அது சுற்றறிக்கையின் தொடக்கம்போல் ஒலிக்கும். மரி தெரேசாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய ஞானத்தாயும் ஆவார். அவர் கேட்டதற்கிணங்க எழுதப்பட்ட மடல் இது. 'அக்கா' என்றே தொடங்குவது தகும். மடத்தின் ஒழுங்கு சற்று மறைந்தாலும் மடலின் நெருக்கம் காக்கப்படும்.

முன்னிலைப் பெயர்களிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தெரேசா தம் அக்காளர்க்கு எழுதும்போது மரியாதைப் பன்மையாகிய 'வூ'வைப் பயன்படுத்துகிறார். அதே இரண்டாம் படியில் மரியை விட்டு இயேசுவை நோக்கித் திரும்பும்போது ஒருமையாகிய 'த்யூ'வுக்கு மாறுகிறார். அக்காலப் பிரெஞ்சுக் கத்தோலிக்க மன்றாட்டுகள் இறைவனை 'வூ' என்றே விளித்தன; கிறிஸ்து கற்பித்த செபமே 1966இல்தான் ஒருமைக்கு மாறியது. எனவே இது அவரது துணிவு. தமிழ்க் கத்தோலிக்கச் செபங்களில் நிலைபெற்றிருப்பது 'நீர், உம்' என்னும் வடிவம். சமய எழுத்தில் பழகிய மொழிபெயர்ப்பாளர் இயல்பாகவே 'நீர்' என்று எழுதுவார்; அந்தக் கணமே துணிவு மறைந்துவிடும். காரைக்காலம்மையாரும் ஆண்டாளும் 'நீ' என்று அழைத்த மொழியில் இதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நூலின் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதற்படியின் பல பக்கங்கள் 'சின்ன', 'குட்டி' என்னும் பொருள்தரும் அடைகளால் நிரம்பி வழிகின்றன. சின்ன மலர், சின்னப் பந்து, சின்ன ஆட்டுக்குட்டி என்று நீளும் இந்நடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் வீட்டுப் பக்தி நூல்களில் பரவலாக இருந்தது. பிரெஞ்சில் அவ்வடை அன்பைக் குறிக்கும் இடைச்சொல் போன்று தேய்ந்துவிட்ட ஒன்று. தமிழில் ஒவ்வொரு முறையும் 'சின்னஞ்சிறு' என்று பெயர்த்தால் எழுதியவர் குழந்தை என்றே தோன்றும். பாதிக்கு மேல் விட்டுவிடுவது நூலுக்குச் செய்யும் துரோகமாகாது.

மடத்திற்குள் ஓர் அழைத்தல்

'வொக்காஸ்யோன்' என்னும் பிரெஞ்சுச் சொல் அழைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆயினும் பிரெஞ்சு மொழியில் அது ஓர் உடைமைபோல் ஆளப்படுகிறது: ஒருவருக்கு அது 'இருக்கும்', ஒருவர் அதை 'இழப்பார்', ஒருவர் அதைக் 'கண்டெடுப்பார்'. தனக்குப் பொருந்திய தொழிலைக் கண்டவரைக் குறித்தும் அதே தொடர் வழங்குகிறது. தமிழில் 'அவளுக்கு அழைத்தல் உண்டு' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லலாம். அப்போது பெண் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை; அழைத்தல் வந்து சேரும் இடமாக நிற்கிறாள். 'துறந்தாள்', 'அழைத்தான்' என்னும் இரண்டு அமைப்புகளுக்கும் இடைப்பட்ட இவ்வமைப்பே தெரேசாவின் பொருளுக்கு மிக அணுக்கமானது.

இரண்டாம் படியின் மையத்தில் உள்ள சிக்கல் இதுதான். கார்மேல் கன்னியாக, இயேசுவின் மணமகளாக, ஆன்மாக்களின் தாயாக இருப்பதே தமக்குப் போதுமாயிருக்க வேண்டும் என்று தெரேசா சொல்கிறார். ஆயினும் போதவில்லை என்கிறார். வார்த்தைப்பாடு அளித்து ஆறாண்டுகள் நிறைந்த வேளையில், மடத்தில் சேர்ந்து எட்டாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட சொற்கள் இவை. மடத்துக்கு வந்ததே அழைத்தல் என்று கொள்ளும் பொதுப் புரிதலை அப்பெண்ணே இங்கு மறுக்கிறார். தமக்குள் வேறு அழைத்தல்களும் உண்டென்று அவற்றை அடுக்குகிறார்: போர்வீரன், குரு, திருத்தூதன், மறைவல்லுநன், மறைசாட்சி. இங்கே 'துறவு' என்னும் சொல்லைக் கையாண்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர் வழி தெரியாமல் நின்றுவிடுவார். துறவு ஒன்றுதான், ஒருமுறை நிகழ்வது, அதற்குப் பன்மை இல்லை. 'அழைத்தல்' என்னும் தொழிற்பெயரும் பன்மை விகுதியை எளிதில் ஏற்பதில்லை. 'பாடல்கள்', 'தேடல்கள்' செவிக்குப் பழகிவிட்டன. 'அழைத்தல்கள்' இன்னும் பழகவில்லை. 'அழைப்புகள்' என்றால் திருமண அழைப்பும் தொலைபேசி அழைப்பும் உடன் வந்து நிற்கும். அஃறிணைப் பெயர் விகுதியின்றியே பன்மை உணர்த்தும் என்னும் இலக்கண உரிமையைப் பயன்படுத்தி, 'வேறு பல அழைத்தலும்' என எழுதுவது தமிழுக்கு இயைந்தது.

அந்த அடுக்கின் பெயர்கள் பிரெஞ்சில் ஆண்பால். பெண் ஒருத்தி ஆண்பாற் பெயர்களைத் தனக்கு உரியனவாகக் கேட்பதே அவ்விடத்தின் வேகம். தமிழில் பணிவும் பழக்கமும் கருதி 'போர்வீரர்', 'திருத்தூதர்', 'மறைவல்லுநர்' என்று உயர்வுப் பன்மையில் எழுதினால் பால் வேறுபாடு கரைந்துவிடும். இன்றைய தமிழ் உரைநடையில் -அர் ஈறு பெண்ணுக்கும் ஆணுக்கும் பொதுவாகிவிட்டது, அது நல்லதே. ஆனால் இவ்விடத்தில் அந்த நன்மையே மூலத்தை மழுங்கச் செய்கிறது. -அன் ஈறே வேண்டும். 'குரு' என்னும் சொல்லுக்கு மட்டும் ஈறு உதவாது. பெண்ணுக்கு அப்பதவி இல்லை என்னும் செய்தியைச் சூழல்தான் தர வேண்டும். (அந்த அடுக்கில் ஒன்று பின்னர் நிறைவேறிற்று: 1997 அக்டோபர் 19ஆம் நாள் தெரேசா திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவிக்கப்பட்டார். அவருக்கு முன் அப்பட்டம் பெற்ற பெண்கள், அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் ஆகிய இருவரே.)

இத்தனை விருப்பங்களும் தம்மை வருத்தவே, அவர் பவுல் (சின்னப்பர்) கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தைத் திறக்கிறார். பன்னிரண்டாம் அதிகாரம் எல்லாரும் திருத்தூதராக இயலாது, கண் கையாக இயலாது என்கிறது. விடை தெளிவு, ஆயினும் தமக்கு அமைதி கிட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு, மேலும் படிக்கிறார். பதின்மூன்றாம் அதிகாரத்தின் அன்பில் வந்து நிற்கிறார். திருச்சபை ஓர் உடலானால் அதற்கு ஓர் இருதயம் இருக்க வேண்டும். அவ்விருதயத்தின் அன்பு அணைந்தால் திருத்தூதர் பேசார், மறைசாட்சிகள் குருதி சிந்தார். ஆகவே அந்த இருதயத்தில் அன்பாக இருப்பதே தம் அழைத்தல் என்று முடிவுக்கு வருகிறார்.

இங்கு ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பவுலின் உறுப்புப் பட்டியலில் கால், கை, காது, கண், தலை ஆகியவை உண்டு, இருதயம் இல்லை. தெரேசா மேற்கோள் காட்டவில்லை. இரண்டு அதிகாரங்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை உய்த்துணர்ந்து நிரப்புகிறார். இறையியல் கல்வி பெறாத 23 வயதுப் பெண் செய்த உரைவிளக்கம் இது. மொழிபெயர்ப்பாளர் 'உள்ளம்', 'நெஞ்சம்' என்று அழகுபடுத்தினால் வாதம் உடைந்துவிடும். உறுப்பைக் குறிக்கும் சொல்லே வேண்டும். அதிலும் 'இதயம்' என்பதைவிட 'இருதயம்' பொருந்தும். ஏனெனில் மடலைப் பெறுபவரின் மடத்துப் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. அக்காளின் பெயருக்குள் தங்கை தன் இடத்தைக் கண்டதை வேறு எப்படிக் காட்டுவது?

'கண்டது' என்னும் வினையும் எளிதன்று. 'கண்டுபிடித்தேன்' என்றால் புதிதாக ஒன்று உருவாக்கப்பட்டதுபோல் ஒலிக்கும். 'கண்டடைந்தேன்' என்றால் அடைதல் முடிந்துவிடும். ஏற்கெனவே இருந்ததை அறிந்துகொண்டதைச் சொல்லக் 'கண்டுகொண்டேன்' ஏற்றது. திருமங்கையாழ்வாரின் பாசுரங்களால் தமிழ்ச் செவிக்குப் பழகிய அந்த வினை, கார்மேல் மடத்துக்குள்ளும் அந்நியமாக ஒலிக்காது.

மடத்திற்குள் இருந்துகொண்டே அழைத்தலைத் தேடுவது தெரேசாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அவர் பெயரையே தம் மடத்துப் பெயராக ஏற்ற அன்னை தெரேசா, லொரேட்டோ சபையில் 1937இல் இறுதி வார்த்தைப்பாடு அளித்தவர். 1946 செப்டம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் தொடர்வண்டியில் தமக்கு நேர்ந்ததை அழைத்தலுக்குள் வந்த அழைத்தல் என்றே அவர் குறித்தார். 1948இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறினார். 'துறவு' என்னும் சொல்லால் இவ்வெளியேற்றத்தை விளக்க முயன்றால் துறவையே துறந்தார் என்னும் விபரீதம் விளையும். 'அழைத்தல்' என்னும் சொல்லுக்கு அது இடரன்று. அழைத்த குரல் மீண்டும் அழைத்தது, அவ்வளவே.

தமிழில் இக்கேள்வியை எழுப்பிய படைப்பு 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. ஏழைத் தலித் பிள்ளைகளுக்குப் பணியாற்றும் விருப்புடன் துறவற சபையில் சேர்ந்த ஒருத்தி, அவ்விருப்பத்துக்கும் அங்குள்ள வாழ்வுக்கும் இடையிலான தொலைவைக் கண்டு ஏழாண்டுகளுக்குப்பின் வெளியேறுவதை அது பேச்சுத் தமிழில் சொல்கிறது. கன்னியர் மடத்தின் உள்வாழ்வைப் பெண்ணின் தன்வரலாறாகத் தமிழ் வாசகர் பரவலாகப் படித்தது அந்நூலின் வழியேதான் எனலாம். அதை அழைத்தலை மறுக்கும் நூலாகக் கொள்வோர் உண்டு. நூல் அவ்வாறு சொல்லவில்லை. ஏழைகளிடம் போகச் சொன்ன குரலை அதன் கதைசொல்லி எந்தப் பக்கத்திலும் பொய்யென்று தள்ளுவதில்லை. அந்தக் குரலுக்கும் மடத்தின் சுவருக்கும் இடையில்தான் அவள் முறிகிறாள். தெரேசாவுக்குச் சுவருக்குள் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமைக்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை எந்த ஆன்மிக விளக்கமும் மூடிவிட இயலாது. லிசியே மடத்தில் நான்கு உடன்பிறப்புகள் ஒன்றாக இருந்தனர், எழுதத் தூண்டினர், எழுதியதைக் காத்தனர் என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தெரேசாவைத் தமிழாக்குபவர் 'கருக்கு' படித்த வாசகருக்காகவே இன்று எழுத வேண்டியிருக்கிறது. 'மடத்தில் அவர் மகிழ்ச்சியாக இருந்தார்' என்னும் தொனி அவ்வாசகரிடம் எடுபடாது; எடுபட வேண்டியதும் இல்லை.

நிறைவு என்னும் சொல்

தெரேசாவின் கண்டுகொள்ளலை 'அழைத்தலில் நிறைவு' என்று தலைப்பிடுவது எளிது. 'நிறைவு' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு முகங்கள்: ஒன்று நிரம்புதல், மற்றொன்று முடிதல். விழா நிறைவு பெறுகிறது, நிறைவுரை ஆற்றப்படுகிறது. மனநிறைவு என்று சொல்லும்போதும் இனித் தேவையில்லை என்னும் பொருள் அடியில் ஓடுகிறது.

மூலம் இதற்கு இடந்தரவில்லை. அழைத்தலைக் கண்டுகொண்ட இடத்தில் தெரேசா முதலில் தம் மகிழ்ச்சியைப் பித்தேறிய மகிழ்ச்சி என்னும் பொருள்படக் குறிக்கிறார். சில வரிகளிலேயே தம்மைத் தாமே மறுத்து, அச்சொல் சரியன்று என்கிறார். தாம் உணர்வது துறைமுகத்துக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கைக் கண்ட மாலுமியின் அமைதி என்று திருத்துகிறார். எழுத்தில் இத்தகைய தன்திருத்தம் அரிது. பேச்சில்தான் அது இயல்பு. எழுதுபவர் பழைய சொல்லை அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் இரண்டையும் விட்டுவைத்தார். படிப்பவர் முதற்சொல்லைக் கடந்தே இரண்டாவதற்கு வர வேண்டும் என்னும் எண்ணம் அதில் இருந்ததோ, விரைவில் எழுதியதன் விளைவோ, எதுவாயினும் மொழிபெயர்ப்பு அதைச் 'செம்மை' செய்யலாகாது. உவமையும் அளந்து வைக்கப்பட்டது: விளக்கு தெரிகிறது, துறைமுகம் இன்னும் வரவில்லை, கப்பல் கடலில்தான் இருக்கிறது.

அக்கடலின் நிலையும் தெரிந்ததே. 1896 ஏப்ரலில், பெரிய வியாழன் இரவில், தெரேசா முதன்முறை இரத்தம் கக்கினார். அதே உயிர்ப்புத் திருநாட்களில், மறுவாழ்வு பற்றிய உறுதி அனைத்தும் மறைந்துபோன உள்ளிருள் அவரைச் சூழ்ந்தது. இறக்கும் வரை அது நீங்கவில்லை. இரண்டாம் படியை எழுதும்போது அவ்விருளுக்கு ஐந்து மாதம். தாம் ஆறுதல்களில் நீந்துவதாக எண்ண வேண்டா என்று அக்காளுக்கு அம்மடலிலேயே எச்சரிக்கிறார். மறு ஆண்டு எழுதிய மூன்றாம் படியில் அவ்விருளை மூடுபனியாகவும் விண்ணளவு எழும் சுவராகவும் விரிக்கிறார். கால வரிசையில் கண்டுகொள்ளல் முன். இருளின் முழு வருணனை பின். 1898ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆக்னெஸ் இவ்வரிசையை மாற்றினார். மூன்றாம் படி ஒன்பதாம், பத்தாம் அத்தியாயங்களாக முன்னே சென்றது. இரண்டாம் படி பதினோராம் அத்தியாயமாகப் பின்னே வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் படித்த நூலில் இருள் வந்து, பிறகு விடை கிடைத்து, பிறகு இறப்பு வருகிறது. தெரேசாவின் 'நிறைவு' என்று பக்தி நூல்கள் போற்றுவது பெருமளவு இவ்வரிசையின் படைப்பு. ஆக்னெஸைக் குறைகூறுவது நியாயமாகாது. திருத்தும் உரிமையைத் தங்கையே அவருக்குத் தந்திருந்தார். ஆனால் பழைய அச்சைப் பின்பற்றி இன்று தமிழாக்குபவர் அறியாமலேயே ஒரு கதைப்பின்னலையும் சேர்த்து மொழிபெயர்க்கிறார்.

மடலின் முதல் வாசகரே அதைத் தவறாகப் படித்தார் என்பது ஆறுதல் தரலாம். இத்தகைய பெருவிருப்பங்கள் தமக்கு இல்லையே என்று வருந்தி மரி எழுதினார். செப்டம்பர் 17ஆம் நாள் தெரேசா மறுமொழி அனுப்பினார். அவ்விருப்பங்கள் ஒரு பொருட்டல்ல. தம் சிறுமையையும் வறுமையையும் ஏற்று, இறைவனின் இரக்கத்தில் குருட்டு நம்பிக்கை வைப்பதே அவர் உள்ளத்துக்கு உவப்பானது என்பது அதன் சாரம். நான்கு நாட்களுக்கு முன்னர்தான் மரி அம்மடலைக் கேட்டிருந்தார். அதற்குள் தெரேசா தம் புகழ்பெற்ற பக்கங்களையே தள்ளிவைக்கத் துணிகிறார். இரண்டாம் படியைத் தமிழில் வெளியிடுவோர் இம்மறுமொழியையும் உடன் சேர்ப்பது நலம். ஒன்றின்றி மற்றொன்று பாதி.

முதற்படியிலுள்ள ஒரு பக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். 1890 செப்டம்பர் 24ஆம் நாள் தெரேசா முக்காடு பெற்றார். எட்டு நாட்களுக்குப்பின் அவருடைய தாய்மாமன் மகளுக்குத் திருமணம் நடந்தது. அவ்வீட்டார் அனுப்பிய அச்சிட்ட அழைப்பிதழைப் பார்த்து, அதே வாய்பாட்டில் தம் மணத்துக்கும் ஓர் அழைப்பிதழை விளையாட்டாக எழுதினார். மணமகனின் பெற்றோர் இடத்தில் இறைவனும் கன்னிமரியும். மணமகளின் தந்தை, துன்பமும் இழிவும் ஆகிய சீமைகளின் உடைமையாளர் என்று பட்டம் சூட்டப்படுகிறார். அப்போது அத்தந்தை மனநோயால் கான் நகர மருத்துவமனையில் இருந்தார் என்பதை அறிந்தால் விளையாட்டின் விலை தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஆண்டாளின் கனவு மணம் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இது காதற்பாட்டு அன்று. நடுத்தர வீட்டு அச்சடித்த தாளின் பகடி. தமிழ்த் திருமண அழைப்பிதழின் வாய்பாடு, பெற்றோர் பெயர், ஊர், 'சுற்றமும் நட்பும் சூழ' என்பது வரை அனைத்தும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. 'அழைத்தல்' என்னும் சொல்லும் 'அழைப்பிதழ்' என்னும் சொல்லும் ஒரே வேரில் நிற்கும் இன்பம் பிரெஞ்சுக்குக் கூட இல்லை.

அவ்வழைப்பிதழின் முடிவில், திருமணச் சடங்குக்கு விருந்தினரை அழைக்க இயலாமற்போனதால், மணத்துக்குப் பிந்திய கொண்டாட்டத்துக்கு வருமாறு வேண்டப்படுகிறது. அது நடைபெறும் நாள் நாளை. அந்த நாளை என்பது முடிவிலாக் காலம். அப்பிந்திய கொண்டாட்டத்துக்கு 'வரவேற்பு' என்னும் இக்காலச் சொல் பொருந்துவதுபோல் தோன்றினாலும், அது மணநாளின் மாலையிலேயே முடிந்துவிடுவது. 'மறுவீடு' என்பதே நெருங்கி வருகிறது. சில வட்டாரங்களில் மறுவீடு பெண்வீட்டிலும் சிலவற்றில் மாப்பிள்ளை வீட்டிலும் நடக்கும். மூலத்தின்படி அழைப்பவருள் மணமகனின் பெற்றோரே முதலில் நிற்பதால், மாப்பிள்ளை வீட்டு மறுவீடு என்று தெளிவுறக் குறிப்பிட்டுவிடலாம்.